மார்கழி, தை விடுமுறைக்குக் கடலும் பறவையும்: எந்தக் கரையைத் தேர்ந்தெடுப்பது?

பறவை பார்க்க நல்ல கரையும் குளிக்க நல்ல கரையும் ஒன்றாக அமைவது அபூர்வம். கரையோரச் சேற்றில் குத்தித் தின்னும் சிறு பறவையான உள்ளானும், பூநாரையும் (ஃபிளமிங்கோ) தேடி வருவது சேற்றை. அதில்தான் புழுவும் கூனியும் சிறு நத்தையும் கிடைக்கும். பிள்ளைகள் கேட்பது மணல். அலை அடங்கிய காயலிலும் முகத்துவாரத்திலும் உப்பளத்திலும் சேறு படியும். அலை அடிக்கும் திறந்த கரையில் மணல் மட்டுமே தங்கும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று நம்பிப் போனால், ஒருவர் தொலைநோக்கியோடு கரையில் நிற்பார், மற்றவர்கள் காருக்குள் உட்கார்ந்து எப்போது கிளம்பலாம் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அதனால் தமிழ்நாட்டுக் கரையில் குளிர்கால விடுமுறைக்கு இடம் தேடும்போது முதலில் கேட்க வேண்டியது, எங்கே எத்தனை வகைப் பறவை என்பதல்ல. தங்கும் அறை, மணல், சேறு ஆகிய மூன்றுக்கும் நடுவே எத்தனை நிமிடப் பயணம் என்பதுதான். அரை மணி நேரத்துக்குள் என்றால் பறவை பார்ப்பவர் விடியலில் தனியாகப் போய்விட்டுக் காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஒரு மணியைத் தாண்டினால் குடும்பமே அவரோடு போகவேண்டி வரும். பழவேற்காடு, கோவளம்–மாமல்லபுரம், கோடியக்கரை, ராமேஸ்வரம்–தனுஷ்கோடி, நாகர்கோவில்–மணக்குடி ஆகிய ஐந்தையும் இந்தக் கணக்கை வைத்தே இங்கே ஒப்பிடுகிறோம்.

தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

அரையாண்டுத் தேர்வு விடுமுறை கிறிஸ்துமஸை ஒட்டி வருகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். புயல்களும் இந்தப் பருவத்தில்தான்: 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்தது. புயல் வராத ஆண்டிலும் டிசம்பரில் கிழக்குக் கரையில் வாடைக்காற்று நேராக வந்து மோதும். கடல் கலங்கிக் கிடக்கும், அலை உயரமாக இருக்கும்.

மழைக்கும் பறவைக்கும் உள்ள தொடர்பு பலருக்குப் பிடிபடுவதில்லை. நல்ல மழை பெய்த ஆண்டில் டிசம்பரில் காயல் நிரம்பி நிற்கும். பூநாரை நீண்ட கால்களோடு ஆழமில்லாத நீரில் நடந்து இரை தேடும் பறவை. சிறிய உள்ளான்களுக்கோ விரல்கடை அளவு நீரும் ஈரச்சேறும்தான் வேண்டும். நீர் ஆழமாக இருந்தால் அவை சிதறிப் போய்விடும். ஜனவரி பாதிக்கு மேல் நீர் வற்ற வற்ற, இரையும் பறவையும் மிஞ்சிய ஆழமற்ற பகுதிகளில் வந்து கூடும். நம் கரையில் ஓத ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், காயலின் நீர்மட்டத்தை மழையும் காற்றும் முகத்துவாரம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதும்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. வெளிநாட்டு நூல்களில் சொல்வதுபோல ஓத அட்டவணையை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

ஆக, காயல் பறவைகளுக்குப் பொங்கல் விடுமுறை கிறிஸ்துமஸ் விடுமுறையைவிட மேல். ஜனவரி கடைசி வாரமும் பிப்ரவரியும் அதைவிட மேல். குடியரசு நாளை ஒட்டி ஒரு நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் அதுவே மிகச் சிறந்த தேதி. ஆனால் காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தையும் வேடந்தாங்கலையும் முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். அன்றைய கூட்டத்தில் பறவை பார்ப்பதும் முடியாது, வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது.

பழவேற்காடு: ஒரு நாள் போய்வர மட்டும்

சில்காவுக்கு அடுத்தபடி நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இது. சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. மீஞ்சூர் வழியாகப் போனால் துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகளிடம் மாட்டிக்கொள்வீர்கள். செங்குன்றம், பொன்னேரி வழி நிம்மதி. ஊருக்குள் குடும்பத்தோடு தங்க ஏற்ற விடுதிகள் மிகக் குறைவு. மூன்று நாள் விடுமுறைக்கு இதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். விடியலில் கிளம்பி மாலையில் திரும்பும் பயணமாக வைத்துக்கொண்டால் மிக நல்ல இடம். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். அதன் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளை நின்று பார்க்காத பிள்ளை இல்லை.

இங்கே பெரும்பாலானோர் கோட்டைவிடுவது வெளிச்சத்தில். பொன்னேரிப் பக்கத்து அண்ணாமலைச்சேரி காயலின் மேற்குக் கரையில் இருக்கிறது. காலையில் அங்கே நின்று கிழக்கே பார்த்தால் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். பூநாரையின் இளஞ்சிவப்பு தெரியாது, கறுத்த உருவம்தான் தெரியும். அங்கே மாலை மூன்றரைக்கு மேல் போங்கள். காலையில் ஆந்திரப் பக்கம், சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை நல்லது. காயலை ஊடறுத்துக் கிழக்கு மேற்காக ஓடும் சாலை அது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் சாலையின் வடபுறத்தைப் பார்த்து நின்றால் பகல் முழுவதும் வெளிச்சம் முதுகுப்பக்கமே இருக்கும். விண்வெளி மைய வாயிலுக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். உள்ளே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. வண்டியை ஓரம் அகன்ற இடத்தில் மட்டும் நிறுத்துங்கள், பிள்ளைகளைச் சாலைப்பக்கக் கதவு வழியாக இறக்காதீர்கள். அதே நாளில் சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தள்ளியிருக்கும் நேலப்பட்டுச் சரணாலயத்தையும் சேர்த்துக்கொண்டால் கூழைக்கடாக்கள் மரத்தில் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

படகு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணிகள் ஏறிய படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது. கரையில் யாராவது மீன்பிடிப் படகில் கூட்டிப்போகிறேன் என்று அழைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முகத்துவாரத்தை ஒட்டிய கடற்கரை அழகுதான். ஆனால் காயல் நீர் கடலுக்குள் பாயும் இழுப்பு அங்கே பலமாக இருக்கும். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோவளம், மாமல்லபுரம், வேடந்தாங்கல்: சிறு பிள்ளைகளும் முதியவர்களும் இருந்தால்

சேறும் மணலும் பத்து நிமிடத் தூரத்தில் கிடைக்கும் ஒரே இடம் இது. கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. அந்தச் சான்றுக்கு உயிர்காப்பாளர், சுத்தமான நீர், கழிப்பறை, உடை மாற்றும் அறை எல்லாம் கட்டாயம். தாத்தா பாட்டி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்று போகும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. மாமல்லபுரம் கடற்கோயில் பக்கத்துக் கடலில் மட்டும் இறங்காதீர்கள். பார்க்க அமைதியாக இருக்கும் அந்தக் கரையில் இழுப்பு அதிகம், மூழ்கிச் செத்தவர்களும் அதிகம்.

கோவளத்தை ஒட்டியே முட்டுக்காட்டு உப்பங்கழி. கேளம்பாக்கம் வரை நீளும் அந்த நீர்ப்பரப்பில் ஜனவரிக்கு மேல் நெடுங்கால் உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி, ஆலாக்கள், கூழைக்கடா, சில ஆண்டுகளில் பூநாரையும் நிற்கும். காலை ஆறு மணிக்குப் போனால் எட்டுக்குள் முடித்துவிடலாம். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்துவது ஆபத்து. பாலம் தாண்டி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

மாமல்லபுரத்திலிருந்து சுமார் 55 கி.மீ. தூரத்தில் வேடந்தாங்கல். 1798இலேயே ஊர்மக்கள் கேட்டு, அன்றைய ஆட்சியர் பறவைகளுக்குப் பாதுகாப்பு ஆணை கொடுத்த ஏரி அது. சங்குவளை நாரை, நத்தைக்கொத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும். ஏரிக்கரை சமதளம் என்பதால் முதியவர்களும் நடந்து பார்க்கலாம். மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. பறவை ஆர்வமே இல்லாதவரையும் அரை மணி நேரம் கட்டிப்போடும் காட்சி. ஒரு நிபந்தனை: மழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் அங்கே பறவை தங்காது. பார்த்த பறவைகளைப் பலரும் பதிவிடும் ‘இ-பேர்டு’ செயலியில் கடந்த இரண்டு வாரத்தில் அங்கே பதிவானவற்றைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

புதுச்சேரியில் தங்க விரும்புகிறவர்களுக்கு மரக்காணம் பக்கத்துக் கழுவெளி இருக்கிறது. 2021இல் சரணாலயமாகி, 2024இல் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் தகுதி பெற்றது. பரப்பு மிகப் பெரிது, கரை பல இடங்களில் சேறு. பறவைகள் தொலைவில்தான் நிற்கும். சிறு பிள்ளைகளுக்கு அலுப்பூட்டும்.

கோடியக்கரை: பறவைக்கு இதற்கு நிகர் கிடையாது

கடற்கரை செங்கோணமாகத் திரும்பும் முனை இது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. 1967இல் சரணாலயமானது, 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலமானது. வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, உப்பளங்கள், உலர் பசுமைமாறாக் காடு, புல்வெளி எல்லாம் ஒரு காலைப் பொழுதுக்குள் அடங்கும் தூரத்தில் இருக்கின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலமாகப் பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆய்வு செய்யும் இடமும் இதுதான்.

குடும்பத்துக்கு இங்கே ஒரு பெரிய சாதகம் உண்டு: பறவை மட்டும் அல்ல, வெளிமானும் குதிரையும் இருக்கின்றன. புல்வெளியில் திருகு கொம்போடு ஓடும் வெளிமான் கூட்டத்தைப் பார்த்துவிட்டால் பிள்ளைகள் அடுத்த இரண்டு மணி நேரம் புகார் சொல்லமாட்டார்கள். காட்டுக்குள் விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீட்டி ஒன்று கேட்கும், அது ஆறுமணிக்குருவி. குரலைப் பின்பற்றி ஓடாமல் ஒரே இடத்தில் அசையாமல் நின்றால், சருகைப் புரட்டிக்கொண்டு தானே வெளியே வரும்.

சதுப்புப் பறவைகளுக்கு முனியப்பன் ஏரிப் பக்கமும், வேதாரண்யத்திலிருந்து வரும் வழியில் உப்பளங்களின் ஓரமும் நல்லவை. உப்பளப் பாத்திகள் தனியார் இடம். வரப்பில் ஏறி நடக்காதீர்கள். சாலையிலிருந்தே போதுமான அளவு பார்க்கலாம். சதுப்பு ஊருக்கு மேற்கே விரிந்திருப்பதால் காலையில் பார்ப்பதுதான் சரி, மாலையில் வெளிச்சம் எதிராகிவிடும்.

இனிக் குறைகள். முதல் குறை கடற்கரை. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை மீன்பிடிப் பருவம் என்பதால் மற்ற ஊர் மீனவர்களும் வந்து குடிசை போட்டுத் தங்கியிருப்பார்கள். கரை முழுக்கப் படகும் வலையும் கருவாடும். கடற்காகத்துக்கும் ஆலாவுக்கும் கொண்டாட்டம். மணல் வீடு கட்ட வந்த பிள்ளைக்கு ஏமாற்றம். நீரும் கலங்கல், காலடியில் சேறு.

இரண்டாவது குறை தங்குமிடம். வனத்துறையின் பூநாரை இல்லத்தில் அறைகள் சிலதான். வார இறுதிக்கு வெகு முன்பே பதிவு செய்ய வேண்டும். 11 கி.மீ. தள்ளி வேதாரண்யத்தில் எளிய விடுதிகள் உண்டு. நல்ல அறையும் மணல் கரையும் வேண்டும் என்று வேளாங்கண்ணியில் தங்கினால் கோடியக்கரைக்கு சுமார் 50 கி.மீ., ஒரு மணி நேரத்துக்கு மேல். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை வேளாங்கண்ணியில் அறை கிடைப்பதே கஷ்டம். சேறு, மணல், அறை மூன்றும் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கும் இடம் கோடியக்கரை. அதனால் இரண்டு இரவு வேதாரண்யம் அல்லது பூநாரை இல்லம், அடுத்த இரண்டு இரவு வேளாங்கண்ணி அல்லது தரங்கம்பாடி என்று பயணத்தைப் பிரித்துக்கொள்வதே சரி. ஒரே அறையில் நான்கு நாள் தங்கித் தினமும் ஓடினால் ஓய்வு என்ற பேச்சே இருக்காது.

மூன்றாவது, வண்டி புதைவது. காய்ந்த சதுப்பு பார்க்கக் கெட்டியாகத் தெரியும். மேலே உப்புப் பூத்து வெள்ளையாக, பாளம் பாளமாக வெடித்திருக்கும். அந்த ஓடு இரண்டு மூன்று அங்குலம்தான். அடியில் குழைந்த களி. இறங்கி, குதிகாலை ஊன்றி முழு எடையும் போட்டுத் திருப்பிப் பாருங்கள். குழியில் கறுப்புச் சேறோ ஈரமோ தெரிந்தால் கார் அங்கே போகக் கூடாது. போட்டிருக்கும் தடத்தை விட்டு விலகவே வேண்டாம். மாட்டிக்கொண்ட சக்கரத்தை வேகமாகச் சுழற்றினால் இன்னும் ஆழமாகப் போகும். எல்லோரும் இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் விறகோ பலகையோ போட்டு, மெதுவாகப் பின்னோக்கி எடுக்க வேண்டும்.

காட்டுப் பாதையில் குரங்குகள் தின்பண்டப் பையைப் பறிக்கும். புல்வெளியில் உண்ணி ஏறும் என்பதால் முழுக்கால் உடையும் காலுறையும் போட்டுவிடுங்கள். அறைக்கு வந்ததும் பிள்ளைகளின் காது மடல், அக்குள், இடுப்புப் பட்டையோரம் பாருங்கள். கஜா புயல் இந்தக் காட்டைப் பெரிதும் சாய்த்துவிட்டது. மீண்டு வரும் காட்டில் தடத்தை விட்டு மிதித்து நடக்காமல் இருப்பது நாம் செய்யக்கூடிய மரியாதை.

போகும் வழியில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து உதயமார்த்தாண்டபுரம் அல்லது மன்னார்குடியை ஒட்டிய வடுவூர் ஏரியில் ஒரு மாலை நிறுத்தம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 2022இல் ராம்சார் தகுதி பெற்றவை.

ராமேஸ்வரம், தனுஷ்கோடி: கடல் இரண்டு, நிழல் ஒன்றுகூட இல்லை

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கும் அதற்கு அப்பால் அரிச்சல்முனைக்கும் 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது. அதனால் காரிலிருந்து இறங்காமலேயே பறவை பார்க்கக்கூடிய சில இடங்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது. கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் ஜனவரிக்கு மேல் பூநாரைகள் நிற்கும். 2025இல் இந்தப் பகுதியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. முனைப்பக்கத்து மணல்திட்டில் கடற்காகமும் பலவகை ஆலாக்களும் காற்றை எதிர்த்து ஒரே திசையில் முகம் வைத்து உட்கார்ந்திருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் பிள்ளைகளை ஓடவிட்டுப் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது, தயவுசெய்து செய்யாதீர்கள். ஆயிரக்கணக்கான கி.மீ. பறந்து வந்த பறவை, திரும்பிப் போகக் கொழுப்பு சேர்க்கும் இடம் அது. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் தின்றதில் ஒரு பங்கு வீணாகிறது.

குளியல் விஷயத்தில் ஊர் வழக்கு ஒன்று உண்டு: வடக்கே அமைதியான பெண் கடல், தெற்கே சீறும் ஆண் கடல். இதை அப்படியே குளிர்காலத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். வாடைக்காற்று வீசும் நவம்பர், டிசம்பரில் வடபுறத்துப் பாக் விரிகுடாதான் கொந்தளிக்கும், தென்புறம் அடங்கியிருக்கும். எந்தப் பருவத்திலும் அரிச்சல்முனையில் இறங்கிக் குளிக்கக் கூடாது. இரு கடல் நீரோட்டமும் சேரும் இடம், கரை சட்டென்று ஆழமாகும். பிள்ளைகளோடு நனைய, உச்சிப்புளிப் பக்கத்து அரியமான் கடற்கரை ஏற்றது. ஆழமற்ற கரை, சவுக்கு நிழல். ஆனால் அதுவும் பாக் விரிகுடாவைப் பார்த்த கரை என்பதால் ஜனவரி பாதிக்கு மேல்தான் நீர் தெளியும்.

தனுஷ்கோடியில் மரமும் இல்லை, நல்ல குடிநீரும் இல்லை. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, காற்றில் பறக்காத பருத்தித் துணி ஒன்று கட்டாயம். மாலையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் காலை ஏழுக்குள் போய்ப் பத்துக்குள் திரும்புவதே நல்லது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. ‘தீவுக்குக் கூட்டிப்போகிறேன்’ என்று சொல்பவரை நம்பாதீர்கள். படகுச் சவாரி வேண்டுமென்றால் தொண்டி போகும் சாலையில் காரங்காட்டில் வனத்துறை ஏற்பாட்டோடு அலையாத்திக் காட்டுக்குள் போகலாம். சபரிமலைப் பருவத்தில், அதாவது ஜனவரி பாதி வரை, ராமேஸ்வரத்தில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் நெருக்கடி. அப்போது ராமநாதபுரத்தில் தங்கினால் சக்கரக்கோட்டை ஏரியும் பக்கத்திலேயே இருக்கும்.

நாகர்கோவில், மணக்குடி: டிசம்பர் மட்டும்தான் கிடைக்கும் என்றால்

கன்னியாகுமரி மாவட்டத்தின் அரபிக்கடல் பக்கக் கரை வாடைக்காற்றுக்கு முதுகு காட்டி நிற்கிறது. கிழக்குக் கரை கொந்தளிக்கும் டிசம்பரில் இங்கே கடல் ஒப்பளவில் அடங்கியிருக்கும். சொத்தவிளை, சங்குத்துறை கடற்கரைகள், மணக்குடிக் காயல், புத்தளம் உப்பளம், சுசீந்திரம்–தேரூர் குளங்கள் எல்லாம் நாகர்கோவிலைச் சுற்றி ஏறத்தாழ 20 கி.மீ. வட்டத்துக்குள் இருக்கின்றன. நாங்கள் முதலில் சொன்ன நிமிடக் கணக்கில் கோவளத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

தேரூர்க் குளம் பிள்ளைகளுக்குச் சிறந்த பள்ளிக்கூடம். கரையோரச் சாலையிலிருந்தே ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தாழைக்கோழி, இலைக்கோழி, சங்குவளை நாரை என்று பெரிய, நிறமான, எளிதில் இனம் காணக்கூடிய பறவைகள் பக்கத்தில் தெரியும். காயலும் குளமும் வயலும் மாறி மாறி வருவதால் ஒரு காலைக்குள் முற்றிலும் வேறுபட்ட பறவைகளைக் காட்டலாம். புத்தளத்தில் உப்புக்கொத்திகளும் நெடுங்கால் உள்ளானும். மணக்குடிப் பாலத்தருகே ஆலாக்களும் செம்பருந்தும்.

கன்னியாகுமரி ஊருக்குள் தங்காதீர்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை ஐயப்ப பக்தர்களும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகளும் நிறைந்திருக்கும். நாகர்கோவிலில் அறை எளிது, மருத்துவமனை பக்கம், சென்னையிலிருந்து நேரடி ரயிலும் உண்டு. குறை என்னவென்றால் தூரம். வட மாவட்டத்தவருக்குப் போக ஒரு இரவு, வர ஒரு இரவு. கடல் அடங்கியிருந்தாலும் பல இடங்களில் கரை செங்குத்தாக இறங்கும். தொலைதூரப் பெருங்கடலில் எழும் அலை காற்றே இல்லாத நாளில் இந்தக் கரையில் வந்து ஏறுவதும் உண்டு. மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். கோடை தொடக்கத்தில்தான் அது அதிகம் என்றாலும், ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் உயர் அலை எச்சரிக்கையைக் காலையில் ஒரு முறை பார்த்துவிட்டே இறங்குங்கள்.

யாருக்கு எது

குழந்தைக்கு ஆறு வயதுக்குள், அல்லது வீட்டில் முட்டிவலிக்காரர் இருந்தால்: கோவளம், ஒரு மாலை வேடந்தாங்கல். டிசம்பர் விடுமுறை தவிர வேறு வழியில்லை என்றால்: நாகர்கோவில். எட்டு வயதுக்கு மேற்பட்ட, நடக்கத் தயங்காத பிள்ளைகள், ஜனவரி கடைசியில் நான்கு நாள்: தயங்காமல் கோடியக்கரை. கோயிலும் ஒரு வேண்டுதலும் சேர்ந்த பயணம் என்றால் ராமேஸ்வரம். பழவேற்காடு, சென்னை வாசிகளுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும்.

கண்ணாடியும் கண்ணும்

தொலைநோக்கி 8×42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்கண்ணாடி) போதும். அரை கி.மீ. தள்ளி நிற்கும் பூநாரை 60 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பெரிதாகும். காலை ஒன்பதரைக்கு மேல் கானல் எழுந்துவிட்டால் எத்தனை மடங்கும் உதவாது. சிறுவருக்கு 8×30 எடை குறைவு. கொடுக்கும் முன் சரிசெய்து கொடுங்கள்: இரு குழலையும் மடக்கி ஒரே வட்டமாகத் தெரியும்வரை நெருக்குங்கள், வலக்கண்ணை மூடி நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள், பிறகு இடக்கண்ணை மூடி, வலக்குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். ‘ஒன்றும் தெரியல’ என்று பிள்ளை சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்த மூன்றாவது படியைச் செய்யாததுதான். உப்புத் துளியும் மணலும் பட்ட கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி, அதன்பின் துடையுங்கள்.

உள்ளான்களைப் பெயர் சொல்லிப் பிரிப்பது பெரியவர்களுக்கே கடினம். பிள்ளைகளுக்கு அவை தின்னும் விதத்தைக் காட்டுங்கள். நாலடி ஓடி, டக்கென்று நின்று, ஒரு குத்துக் குத்துவது உப்புக்கொத்தி. அது கண்ணால் இரை தேடுகிறது. நடந்துகொண்டே தையல் மெஷின் போலக் குத்திக்கொண்டே போவது உள்ளான். அது அலகு நுனியின் தொடுஉணர்வால் தேடுகிறது. பூநாரை தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி நீரில் வைத்து, நாக்கை இறைத்து நீரை வடிகட்டும். கூடவே காலால் சேற்றை மிதித்துக் கலக்கும். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் எந்தக் கரையில் நின்றாலும் ஒரு மணி நேரம் போவது தெரியாது. பொங்கல் நாட்களில் போகிறவர்கள், 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பிள்ளைகளைச் சேர்த்துவிடலாம். ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று, பார்த்தவற்றை எண்ணி ‘இ-பேர்டு’ செயலியில் போட்டால் போதும்.

நாள் ஒழுங்கு எந்த ஊரிலும் ஒன்றே: விடியல் ஆறு முதல் எட்டரை வரை சேறு, பிறகு சாப்பாடு, பத்துக்குள் ஒரு குளியல், நடுப்பகல் உறக்கம், மாலை நான்குக்கு மேல் மணலோ ஏரியோ, இரண்டில் ஒன்று. இரண்டையும் ஒரே மாலையில் திணித்தால் மூன்றாம் நாள் எல்லோருக்கும் எரிச்சல் வந்துவிடும்.

அறைப் பதிவில் ஒரு எச்சரிக்கை. டிசம்பர் பயணத்துக்குப் பணம் திருப்பித் தராத கட்டணத்தில் பதிவு செய்யாதீர்கள். புயல் சின்னம் உருவானால் மூன்று நான்கு நாட்களுக்கு முன்புதான் பாதை ஓரளவு தெரியவரும். கிளம்பும் முந்தைய மாலை வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பாருங்கள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்றால் உங்கள் பிள்ளைகளும் கடலில் இறங்க வேண்டாம். அன்றைய நாளை ஏரிக்கோ உப்பளத்துக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். வனத்துறை அறை கிடைத்திருந்தால், சோதனைச்சாவடி மூடும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேரும்படி கிளம்புங்கள்.